எண்ணெய் மலையடிவாரத்தின் பழைய வரைபடம்

கேள்வி: கலிபோர்னியாவின் டாஃப்ட், மாரிக்கோபா பகுதிக்கான 1910களின் நில அளவை வரைபடம் ஒன்றின் ஸ்கேன் (1:62,500) கிடைத்தது. டெம்ப்ளர் மலையடிவாரம் முழுக்கச் சின்னச் சின்ன வட்டங்கள். அவை எண்ணெய்க் கிணறுகளா? செயற்கைக்கோள் படத்தின் மேல் போட்டால் எல்லாமே ஏறக்குறைய 100 மீட்டர் தள்ளி விழுவது ஏன்?
– வாசகர், சேலம்

பதில்: முழுத் தாளும் ஒரே திசையில், ஒரே அளவு தள்ளி நின்றால் ஸ்கேன் மீது குற்றமில்லை. பழைய தாளின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 என்ற அளவை அடிப்படையில் உள்ளவை என்று எடுத்துக்கொண்டிருப்பீர்கள். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் என்ஏடி 27 என்ற பழைய வட அமெரிக்க அளவை அடிப்படையை, அதாவது இபிஎஸ்ஜி பட்டியலில் 4267 என்ற எண்ணைக் கொடுங்கள். தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 62.5 மீட்டர், உங்கள் பிழை ஒன்றரை மில்லிமீட்டர்தான்.

படத்தைத் தரையோடு பொருத்த நான்கு மூலைகள் மட்டும் போதாது. 15 நிமிடத் தாளில் (ஒரு நிமிடம் என்பது ஒரு பாகையில் 60-ல் ஒரு பங்கு) 5 நிமிடத்துக்கு ஒரு கோடு வெட்டும் இடங்களையும் சேர்த்தால் 16 புள்ளிகள் கிடைக்கும். தீர்க்கரேகைகள் வடக்கே நெருங்குவதால் தாளின் மேல்விளிம்பு கீழ்விளிம்பைவிடத் தரையில் சுமார் 70 மீட்டர் குறைவு. ஆகவே படத்தைச் சற்றே வளைத்துப் பொருத்தும் பாலினாமியல் 2 முறையைத் தேர்ந்தெடுங்கள். பாலினாமியல் 3 போட்டால் பிழை எண் அழகாகக் குறையும், ஆனால் புள்ளிகளுக்கு நடுவே படம் நெளியும். கலிபோர்னியா மேற்குத் தீர்க்கரேகையில் இருப்பதால் அதற்கு மைனஸ் குறி மறக்க வேண்டாம்.

வட்டங்களில் பெரும்பாலானவை கிணறுகளே. நிலத்தைப் பிரித்திருக்கும் ஒரு மைல் சதுரப் பிரிவுகளின் எல்லைக்கோட்டை உற்றுப் பாருங்கள்: கோட்டின் இருபுறமும் அவை எதிரெதிரே நெருங்கி நிற்கும். எண்ணெய் யார் கிணற்றில் மேலே வருகிறதோ அவருக்கே சொந்தம் என்பது அன்றைய சட்டம். பக்கத்து நிலத்தார் உறிஞ்சுமுன் தோண்டிவிட வேண்டும் என்ற அவசரம் வரைபடத்திலேயே தெரிகிறது!

கிணறு இல்லாத இடத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். வலது அடியில் இருப்பது பதிப்பாண்டு. நமக்கு வேண்டியது இடது அடியில் உள்ள அளவையாண்டு. இதே பகுதியின் லேக்வியூ எண்ணெய்க் கிணறு 1910 மார்ச் 14 அன்று பீறிட்டு, சுமார் 18 மாதங்களில் 90 லட்சம் பீப்பாய் கக்கியது. அளவை அதற்கு முன்பே முடிந்திருந்தால், பதிப்பாண்டு 1912 என்றிருந்தாலும் அது தாளில் இராது.

பழைய கிணற்றுப் பதிவுகளோடு ஒப்பிடும்போது இன்னொரு சிக்கல். நிலப் பிரிவுகளை எண்ணத் தொடங்கும் கோடுதான் அடிக்கோடு. டாஃப்ட் நிலங்கள் மவுண்ட் டயாப்லோ அடிக்கோட்டிலிருந்தும், லேக்வியூ நின்ற இடம் சான் பெர்னார்டினோ அடிக்கோட்டிலிருந்தும் எண்ணப்பட்டவை. பிரிவு எண்ணோடு எந்த அடிக்கோடு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கிணற்றைப் பல மைல் தள்ளித் தேடுவீர்கள்.