கிடப்பில் போன கொலைகள் – கடிதம்

அன்புள்ள சார்,

நான் ஒரு துப்பறியும் சிறுகதை எழுதியிருக்கிறேன். 1994இல் கும்பகோணம் பக்கத்தில் ஒரு கிராமம். கல்யாணமாகி நான்கு வருடமான பெண் கிணற்றில் பிணமாகக் கிடக்கிறாள். தற்கொலை என்று வழக்கை முடித்துவிடுகிறார்கள். இருபத்தொன்பது வருடம் கழித்து, அன்று அந்த வழக்கை விசாரித்த இன்ஸ்பெக்டர், இப்போது ஓய்வுபெற்றவர், வீட்டுப் பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கித் திறக்கிறார். உள்ளே அந்தப் பெண்ணின் ரத்தக்கறை படிந்த ரவிக்கை. டிஎன்ஏ சோதனையில் அவளுடைய கொழுந்தன் மாட்டிக்கொள்கிறான். குற்றத்தை ஒப்புக்கொண்டு அழுகிறான்.

படித்த நண்பர்கள் எல்லோரும் "கடைசியில் அவசரமாக முடிகிறது" என்கிறார்கள். என் சந்தேகங்கள் இவை. இத்தனை வருடம் கழித்து ஒரு வழக்கைச் சட்டப்படி திறக்க முடியுமா? வெளிநாட்டுத் தொடர்களில் வருவதுபோல் தனிப்படையும் நவீன ஆய்வுக்கூடமும் இல்லாத நம் ஊர்ப் பின்னணியில் இந்த வகைக் கதை நம்பும்படி இருக்குமா? 3,000 சொற்களுக்குள் இது அடங்குமா, இல்லை நாவலாகத்தான் எழுத வேண்டுமா?

கதையை இணைத்திருக்கிறேன்.

எஸ்., தஞ்சாவூர்

*

அன்புள்ள எஸ்.,

கதையைப் படித்தேன். சட்டக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். கொலைக்குக் காலக்கெடு கிடையாது. மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை உள்ள குற்றங்களுக்குத்தான் நம் குற்றவியல் நடைமுறைச் சட்டம் கெடு வைத்திருக்கிறது. முடித்த வழக்கில் புதிதாக ஏதாவது கிடைத்தால் மேல்விசாரணை நடத்தலாம். பழைய சட்டத்தில் அது 173(8)ஆம் பிரிவு, 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் 193(9). ஆனால் அதைச் செய்ய வேண்டியவர் இன்று அந்த ஸ்டேஷனில் இருக்கும் அதிகாரி. உங்கள் ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டருக்கு இப்போது இருக்கும் அதிகாரம் உங்களுக்கும் எனக்கும் இருப்பதுதான்.

அப்புறம் அந்த ரவிக்கை. கைப்பற்றிய பொருளுக்கு மகஜர் (கைப்பற்றல் குறிப்பு) எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கி, படிவம் 95 வைத்து நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். அது எப்படி இன்ஸ்பெக்டர் வீட்டுப் பரணுக்கு வந்தது? "எதற்கோ எடுத்து வைத்திருந்தார்" என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். கதையில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். வழக்குச் சொத்தை ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோகிறார் என்றால், யாரையோ காப்பாற்ற மறைத்திருக்கிறார், அல்லது மற்றவர்கள் மறைத்துவிடுவார்கள் என்று பயந்து எடுத்து வைத்திருக்கிறார். எப்படிப் பார்த்தாலும் அவர் செய்தது தப்பு. அந்தப் பெட்டிக்குக் கீழே படுத்து இத்தனை வருடம் தூங்கியிருக்கிறார். நானாக இருந்தால் கொழுந்தனை விட்டுவிட்டு இவரைத்தான் துரத்துவேன்.

டிஎன்ஏவுக்கு வருவோம். ரத்தம் பட்ட துணியை நன்றாக உலர்த்திக் காகித உறையில் வைக்க வேண்டும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சை பிடித்துவிடும். காவிரிக் கரை வெயிலிலும் மழையிலும் தகரப் பெட்டிக்குள் கிடந்த துணியில் ஒன்றுமே கிடைக்காது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். கிடைக்கலாம். கிடைத்து என்ன ஆகப்போகிறது என்பதுதான் என் கேள்வி. கொழுந்தன் அதே வீட்டில் இருந்தவன். உடலைக் கிணற்றிலிருந்து தூக்கியவர்களில் அவனும் ஒருவன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். "அண்ணியைத் தூக்கும்போது கல்லில் உரசி என் கை கிழிந்தது" என்பான், முடிந்தது. ரத்தம் யாருடையது என்று ஆய்வுக்கூடம் சொல்லும். எப்போது பட்டது, ஏன் பட்டது என்பதை அது சொல்லாது. முன்பின் தெரியாதவன் செய்த குற்றத்தில் டிஎன்ஏ பெரிய சாட்சி. ஒரே கூரைக்குக் கீழே நடந்த குற்றத்தில் அதற்கு அவ்வளவு மதிப்பில்லை.

டிஎன்ஏவால் கொலையாளி சிக்கிய முதல் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் 1983இல் ஒன்றும் 1986இல் ஒன்றுமாக இரண்டு பதினைந்து வயதுச் சிறுமிகள் கொலையானார்கள். பக்கத்தில் இருந்த லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் 1984இல் கண்டுபிடித்த முறைப்படி சோதித்தார்கள். இரண்டையும் செய்தது ஒரே ஆள், குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்த பையன் அந்த ஆள் இல்லை என்று தெரிந்தது. சுற்றுவட்டாரத்தில் ஏறத்தாழ 5,000 ஆண்களிடம் மாதிரி எடுத்தார்கள். ஒருவரும் பொருந்தவில்லை. பொருந்த வேண்டியவன், காலின் பிட்ச்ஃபோர்க், தனக்குப் பதிலாகக் கூட வேலை பார்த்தவனை அனுப்பியிருந்தான். 1987இல் அந்தக் கூட்டாளி மதுக்கடையில் உட்கார்ந்து இதை உளறிவிட்டான். கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் போலீசுக்குப் போனார். ஆய்வுக்கூடத்தின் வேலை அதற்குப் பிறகு சுலபமாகிவிட்டது.

இந்த வகைக் கதையைக் கையில் எடுத்தால் நான் முதலில் தேடுவது "ஏன் இப்போது?" என்பதற்கான பதிலைத்தான். யார் செய்தது என்ற கேள்வி எல்லாத் துப்பறியும் கதைகளிலும் இருக்கிறது. கிடப்பில் போன வழக்கில் அதோடு இன்னொன்றும் சேர்கிறது. இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்த ஒருவர் இந்த வாரம் ஏன் பேசுகிறார்? உங்கள் கதையில் பெட்டி திறக்கிறது. ஏன் 2023இல் திறக்கிறது என்பதற்குப் பரணைச் சுத்தம் செய்தார் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. நண்பர்கள் அவசரம் என்று சொல்வது கடைசிப் பக்கத்தை. எனக்கு முதல் பக்கமே இடிக்கிறது.

இங்கே ஒரு சட்ட நுணுக்கம் உங்களுக்கு உதவும். கொலை நடந்தது தெரிந்தும் தகவல் சொல்லக் கடமைப்பட்டவர் சொல்லாமல் இருந்தால், அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டம் 202ஆம் பிரிவின்படி அதிகபட்சம் ஆறு மாதம் சிறை. அவ்வளவு சின்ன தண்டனை உள்ள குற்றத்தை நீதிமன்றம் பொதுவாக ஒரு வருடத்துக்குள் எடுத்தாக வேண்டும். ஆக, 1995க்குப் பிறகு உங்கள் ஊரில் வாய் திறக்கிற யாரும் இந்தப் பிரிவை நினைத்துப் பயந்திருக்க வேண்டியதில்லை. அப்படியும் யாரும் பேசவில்லை. பக்கத்து வீட்டம்மாள் தன் மகளை அந்த வீட்டுக்கே இரண்டாந்தாரமாகக் கட்டிக்கொடுத்திருக்கலாம். அவள் கணவன் உழுதது அவர்கள் நிலமாக இருக்கலாம். மகளுக்கு விவாகரத்து ஆகிவிட்டது, அல்லது நிலம் பிளாட்டாகிவிட்டது என்று வையுங்கள். அந்த அம்மாள் இப்போது பேசுவார். ஒரு சிறுகதைக்கு இப்படி ஒரே ஒரு மாற்றம் போதும்.

கோட்டயத்தில் கன்னியாஸ்திரீ அபயா 1992 மார்ச்சில் கான்வென்ட் கிணற்றில் இறந்து கிடந்த வழக்கு உங்களுக்கு நினைவிருக்கும். முதலில் தற்கொலை என்றுதான் முடித்தார்கள். பிறகு சிபிஐக்குப் போனது. வழக்கை மூடிவிடலாம் என்று சிபிஐ போட்ட அறிக்கைகளை நீதிமன்றம் ஏற்க மறுத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் 2020 டிசம்பரில் திருவனந்தபுரம் சிபிஐ நீதிமன்றம் இரண்டு பேரைக் குற்றவாளிகள் என்றது. (2022இல் கேரள உயர் நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கொடுத்தது, மேல்முறையீடு தனிக் கதை.) விசாரணை நீதிமன்றம் நம்பிய முக்கிய சாட்சி யார் தெரியுமா? அன்று இரவு இடிதாங்கியில் இருக்கும் செம்பைத் திருடுவதற்காகக் கான்வென்டுக்குள் புகுந்த திருடன். தான் திருடப் போனதை ஒப்புக்கொண்டால்தான் தான் பார்த்ததைச் சொல்ல முடியும். நாம் இப்படி ஒரு சாட்சியை எழுதினால் பத்திரிகை ஆசிரியர் "கொஞ்சம் ஓவர்" என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

உங்கள் கதைக்குள்ளேயே இதற்கு இணையாக ஒன்று சும்மா கிடக்கிறது. கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் ஒரு பெண் சந்தேகமான முறையில் இறந்தால் ஆர்டிஓ, அதாவது வருவாய்க் கோட்டாட்சியர், விசாரணை நடக்கும். வரதட்சணை மரணத்துக்கான 304பி பிரிவு 1986இலேயே வந்துவிட்டது. உங்கள் நாயகி நான்காவது வருடத்தில் இறக்கிறாள். ஆனால் கதையில் ஆர்டிஓ தலையே காட்டவில்லை. விவரப் பிழை என்பதைவிட, ஒரு நல்ல வாய்ப்பு கைவிட்டுப் போகிறதே என்றுதான் சொல்கிறேன். போலீஸ் ஒரு பக்கம் விசாரிக்கிறது, ஆர்டிஓ தனியாக விசாரிக்கிறார். போலீசிடம் சொன்னது கேஸ் கட்டில் இருக்கும். ஆர்டிஓவிடம் சொன்னது கோட்டாட்சியர் அலுவலகத்தில் வேறொரு கோப்பில் இருக்கும். பக்கத்து வீட்டம்மாள் காலையில் இன்ஸ்பெக்டரிடம் "ராத்திரி ஒரு சத்தமும் கேட்கலை" என்கிறார். நாலு நாள் கழித்து ஆர்டிஓவிடம், "கிணத்து ராட்டினச் சத்தம் கேட்டுச்சு, யாரோ தண்ணி இறைக்கிறாங்கன்னு நினைச்சேன்" என்கிறார். இரண்டு கோப்புகளையும் ஒருசேர யாரும் வாசிக்கவே இல்லை. கிணற்றில் குதிப்பவள் ராட்டினத்தைத் தொடப்போவதில்லை. அந்த நேரத்தில் தண்ணீர் இறைத்துக் கழுவ வேண்டியது என்ன இருந்தது? ஆய்வுக்கூடமே வேண்டாம். பழைய காகிதம் இரண்டும், அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற ஆள் ஒருவரும் போதும். அந்த ஆள் ஏன் இப்போது பார்க்கிறார் என்பதை மட்டும் நீங்கள் கண்டுபிடியுங்கள்.

பிணமே இல்லாமலும் இந்த வகைக் கதை எழுதலாம். உங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்தே சொல்கிறேன். மயிலாடுதுறைப் பக்கம் அனந்தமங்கலத்தில் ராஜகோபால சுவாமி கோயிலிலிருந்து 1978இல் ராமர், சீதை, லட்சுமணர் செப்புத் திருமேனிகள் திருட்டுப் போயின. அவை 2020இல் லண்டனிலிருந்து திரும்பி வந்தன. இவைதான் அவை என்று காட்டிக்கொடுத்தது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த படங்கள். 1958இல் எடுத்தவை. திருட்டு நடப்பதற்கு இருபது வருடம் முன்னால், கோயில் கலையை ஆவணப்படுத்துவதற்காக யாரோ எடுத்தது. சுவாமிமலை உங்களுக்குப் பக்கம்தானே, போனால் ஸ்தபதிகளிடம் கேட்டுப்பாருங்கள். மெழுகில் உருவம் செய்து, மேலே களிமண் பூசி, சுட்டு, மெழுகை உருக்கி வெளியே விட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறிய பிறகு களிமண்ணை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஒரு அச்சுக்கு ஒரு சிலை. அதனால் விரலில் ஒரு தேய்மானம், பீடத்தில் ஒரு ஓட்டை, வார்ப்பில் விழுந்த ஒரு வடு, எல்லாம் அந்த ஒன்றுக்கு மட்டுமே உரியவை. படத்தில் இருக்கும் வடு லண்டனில் இருக்கும் சிலையிலும் இருந்தால் தப்பிக்க வழியில்லை.

இதை வைத்துக் கற்பனையாக ஒரு ஊரையும் கோயிலையும் எழுதுங்கள். பட்டருக்கு எழுபத்தைந்து வயது. திருட்டு நடந்த ராத்திரி சாவி அவரிடம் இருந்தது. நாற்பது வருடமாக ஊர் அவரை ஒரு மாதிரிதான் பார்க்கிறது. ஒரு நாள் ஆய்வாளர் ஒருவர் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தோடு வந்து "இது உங்கள் ராமர்தானா?" என்று கேட்கிறார். பட்டர் படத்தில் முதலில் எதைப் பார்க்கிறார் என்று யோசித்தால் கதை தானாக நகரும்.

முடிவைப் பற்றி ஒன்று. கொழுந்தனை ஒப்புக்கொள்ள வைத்து அழவிட்டது எனக்குப் பிடிக்கவில்லை. போலீசிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. அதனால்தான் நம் ஊர் வழக்குகளில் குற்றவாளி திடீரென்று மனம் திருந்தி, முன்பின் பழக்கமில்லாத விஏஓவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார். நீதிபதிகளே பலமுறை நம்ப மறுத்த காட்சி அது. கதையிலும் வேண்டாம். கைது இல்லாமலே முடிக்கலாம். பரோனஸ் ஆர்க்ஸி 1901இல் எழுதத் தொடங்கிய சிறுகதை வரிசையில், லண்டன் தேநீர்க் கடை மூலையில் ஒரு கிழவர் உட்கார்ந்திருப்பார். கயிற்றில் முடிச்சுப் போட்டு அவிழ்த்தபடியே, போலீஸ் கைவிட்ட வழக்குகளைப் பெண் பத்திரிகையாளர் ஒருவரிடம் அவிழ்த்துக் காட்டுவார். குற்றவாளியைப் பிடித்துக் கொடுப்பதில் அவருக்கு அக்கறையே இல்லை. நமக்கும் அது குறையாகத் தெரிவதில்லை. இந்த வடிவம் சிறுகதையில் தோன்றியே நூறு வருடத்துக்கு மேலாகிறது, நாவலுக்கு ஓட வேண்டியதில்லை.

3,000 சொற்கள் தாராளம். 1994ஐத் தனிப் பகுதியாக எழுதாதீர்கள். இப்போது உங்கள் கதையில் பாதி அதற்கே போய்விட்டது. எல்லாமே 2023இல் ஒரே பகலில் நடக்கட்டும். பழையது கோப்பில் இருக்கும் வாசகங்களாகவும் மனிதர்கள் பேச்சாகவும் மட்டும் வரட்டும். பக்கத்து வீட்டம்மாளுக்கு ஒரு பெயர் வையுங்கள், இப்போது அவருக்குப் பெயரே இல்லை. திருத்தி எழுதியதும் அனுப்புங்கள், படிக்கிறேன்.

அன்புடன்.