ஊர்ப் பணமும் கடைப் பணமும்: பஜார் சங்கப் பொறுப்பாளர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்கள் பஜாரில் 120 கடைகள். சென்ற மாதம் என்னை வணிகர் சங்கத் தலைவராக்கினார்கள். பழைய தலைவர் நல்ல மனிதர். ஆனால் அவர் கையில் கொடுத்தது ஒரு நோட்டும் 43,000 ரூபாயும்தான். வேறு ஆவணம் எதுவும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?
(இரும்புக் கடைக்காரர், தென் மாவட்டம்)

அந்த 43,000 ரூபாயை இன்றே உங்கள் கல்லாவிலிருந்து பிரித்து வையுங்கள். முதல் வேலை அதுதான். சிறு நகரத்தில் நல்ல பெயரோடு இருந்த வியாபாரிகள் பலர் அந்தப் பெயரை இழந்தது திருட்டால் அல்ல. சங்கப் பணம் கடைப் பணத்தோடு புரண்டதால்தான். சனிக்கிழமை சரக்குக்குப் பணம் குறைகிறது, சங்கத் தொகையில் எடுத்துத் திங்கள்கிழமை வைத்துவிடலாம் என்று தோன்றும். வைத்தும் விடுவார்கள். ஆனால் நாலு தடவை எடுத்து வைத்த பிறகு எது யாருடைய பணம் என்று அவருக்கே தெரியாமல் போகும்.

பழைய தலைவர், நீங்கள், பொருளாளர், கட்சி சாராத மூத்த வியாபாரி ஒருவர் என நால்வர் உட்காருங்கள். பணத்தை எண்ணி, இன்ன தேதியில் இவ்வளவு ரொக்கம், இவ்வளவு வங்கியில், இவ்வளவு வசூல் பாக்கி, இவ்வளவு கொடுக்க வேண்டியது என்று ஒரு தாளில் எழுதி நால்வரும் கையெழுத்திடுங்கள். பழைய கணக்கில் இடைவெளி இருந்தால் இருக்கிறது என்றே எழுதுங்கள். அதை நிரப்பக் கற்பனைச் செலவு எழுதினால், முந்தைய பொறுப்பாளரின் குழப்பம் உங்கள் பொய்யாகிவிடும்.

அடுத்து, சங்கம் பதிவாகியிருக்கிறதா என்று மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பாருங்கள். பதிவாகவில்லை என்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் குறைந்தது 7 உறுப்பினர்களோடு பதிவு செய்யலாம். நோக்க அறிக்கையும் துணை விதிகளும் தேவை. நிர்வாகக் குழுவில் குறைந்தது 3 பேர் இருக்க வேண்டும், ஒரு குழுவின் காலம் 3 ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது. ஏற்கெனவே பதிவான சங்கம் என்றால், நிர்வாகிகள் மாறியதைப் படிவம் 7-இல் தெரிவிக்க வேண்டும். பெரும்பாலான சங்கங்கள் சறுக்குவது இங்கேதான். தேர்தல் நடக்கும், மாலை போடுவார்கள், படிவம் போகாது. பிறகு சண்டை வந்து இரண்டு தரப்பும் நாங்கள்தான் நிர்வாகிகள் என்று நிற்கும்போது, பதிவாளர் கோப்பில் பத்து வருடத்துக்கு முந்தைய பெயர்கள் இருக்கும். வங்கியும் கணக்கை முடக்கிவிடும்.

ஆண்டுக்கு ஒரு பொதுக்குழு கூடியாக வேண்டும். நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் ஆண்டுக் கணக்கும் உறுப்பினர் பட்டியலும் பதிவாளரிடம் போக வேண்டும். செப்டம்பர் 30-ஐ கடைசி நாள் என்று எழுதிக் கடைச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

தினசரி நடைமுறைக்கு நாலு பொருள் போதும்: வரிசை எண் அச்சிட்ட ரசீதுப் புத்தகம், ரொக்கப் புத்தகம், கூட்ட முடிவுகளை எழுதும் மினிட் புத்தகம், இருவர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு. ரசீதுப் புத்தகங்களை யார் வாங்கிப் போனார், எந்த எண் முதல் எந்த எண் வரை என்று தனியாக எழுதி வையுங்கள். கோயில் விழா வசூலுக்குப் போன புத்தகம் திரும்பி வராதது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் அந்தப் புத்தகத்தில் எவ்வளவு வசூலானது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. கையில் 5,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் தங்கக் கூடாது என்று குழுவில் தீர்மானம் போட்டுவிட்டால், கடன் கேட்டு வருகிற நண்பரிடம் இல்லை என்று சொல்ல உங்களுக்கே அது உதவும்.

கேள்வி: எங்கள் தாத்தா காலத்தில் பஜாரில் 'மகமை' என்று வசூலித்தார்களாம். அது எப்படி நடந்தது? இப்போது மறுபடி கொண்டுவர முடியுமா?
(திருமங்கலம்)

உங்கள் ஊரே அதன் பழைய களங்களில் ஒன்று. விருதுபட்டி, சிவகாசி, அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாலையம்பட்டி, சாத்தங்குடி ஆகிய ஊர்களில் குடியேறிய நாடார் வணிகர்கள், வண்டியும் சரக்கும் பத்திரமாகத் தங்கப் பேட்டைகளை அமைத்தார்கள். விற்ற சரக்குக்கு இவ்வளவு என்று ஒவ்வொருவரும் பொது நிதிக்குக் கொடுத்தது மகமை. உறவின்முறை என்ற சமூக அமைப்பு அதை நிர்வகித்தது, அதன் பொறுப்பாளரான முறைகாரர் கணக்கு வைத்தார். விருதுபட்டி 1923-இல் விருதுநகர் என்று பெயர் மாறியது. அங்கே காமராஜர் படித்த சத்திரிய வித்யாசாலா இப்படிப்பட்ட பொதுப் பணத்தில் எழுந்த பள்ளி. வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைத்துப் பள்ளியை நடத்தியதை அந்த ஊரார் இன்றும் சொல்வார்கள். சிவகாசியில் 1923-இல் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கிய இருவரில் ஒருவரான அய்ய நாடார் பிற்காலத்தில் நகராட்சித் தலைவராகவும் இருந்தார். கடை நடத்துகிறவர் ஊரையும் நடத்தலாம் என்ற எண்ணம் அந்த மண்ணில் இப்படி வளர்ந்ததுதான்.

மகமை வேலை செய்ததற்குக் காரணம் பக்தி மட்டும் அல்ல. தொகை விற்பனையோடு கட்டப்பட்டிருந்தது. நல்ல மாதத்தில் அதிகம், மந்த மாதத்தில் குறைவு. கொடுக்கிறவருக்கு வலிக்காது. கணக்கு ஊர் நடுவில் பார்க்கப்பட்டது, ஏய்த்தவர் முகத்தைக் காட்ட முடியாது. ஆனால் அது ஒரு சமூகத்தாரின் ஏற்பாடு. இன்றைய பஜாரில் எல்லாச் சமூகத்தாரும் எல்லா மதத்தாரும் கடை வைத்திருக்கிறார்கள். எனவே வழிமுறையை எடுத்துக்கொள்ளுங்கள், எல்லையை விட்டுவிடுங்கள்.

இன்று சரக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று வைத்தால், கமிஷன் மண்டிக்காரர் கொடுப்பார், செல்போன் கடைக்காரர் எதைக் கணக்கிடுவார்? அதனால் கடைகளை மூன்று தரமாகப் பிரிக்கலாம். 120 கடைகளில் 20 கடை மாதம் 500, 50 கடை 200, மீதி 50 கடை 100 என்று வைத்தால் மாதம் 25,000, ஆண்டுக்கு 3,00,000 ரூபாய். எந்தக் கடை எந்தத் தரம் என்பதைத் தலைவர் தீர்மானிக்கக் கூடாது, கடைக்காரர்களே பொதுக்குழுவில் சொல்லட்டும்.

வாடிக்கையாளர் பில்லில் 'தர்மம்' என்று சில ரூபாய் சேர்த்து வாங்கும் பழக்கத்தைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். தர்மத்துக்கென்றே தனியாக வாங்கித் தனியாக வைத்த தொகை வியாபாரியின் வருமானம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1979-இல் பிஜ்லி காட்டன் மில்ஸ் வழக்கில் சொன்னது. அது வருமான வரிக்கான தீர்ப்பு. கட்டாயமாகப் பில்லில் ஏற்றினால் அதுவும் சரக்கு விலைதானே என்று ஜிஎஸ்டி அதிகாரி கேட்க இடம் உண்டு. பில்லுக்கு வெளியே, விருப்பப்பட்டவர் போடும் பூட்டிய உண்டியல் மேல். அதை மாதம் ஒரு முறை இருவர் முன்னிலையில் திறந்து எண்ணுங்கள்.

கேள்வி: சங்கச் செலவில் 16 கேமரா போட்டோம். ஒரு வருடத்தில் பாதி வேலை செய்யவில்லை. திருட்டு நடந்த இரவில் பதிவே இல்லை. போட்டவரைக் குறை சொல்வதா, எங்களைச் சொல்வதா?
(மளிகை மொத்த வியாபாரி)

கேமராவை யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை. மின்சாரத்தை முதலில் பாருங்கள். நாலு கேமராவின் கேபிள்களை ஒன்றுசேர்க்கும் நெட்வொர்க் சுவிட்ச் பெட்டி ஏதோ ஒரு கடையின் மின் இணைப்பில் இருக்கும். கடைக்காரர் இரவு ஒன்பதரைக்கு மெயினை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போவார். அந்த நாலும் அப்போதே கண் மூடிவிடும். திருடன் வருவது அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு சுவிட்சுக்கும் மெயினுக்கு முன்னாலிருந்து தனி இணைப்பு கொடுங்கள், அல்லது சங்கப் பெயரிலேயே ஒரு மின் இணைப்பு வாங்குங்கள்.

16 கேமராவும் பதிவுப் பெட்டியும் சுவிட்சுகளும் இரவு நேரத்தில் ஏறக்குறைய 150 வாட் எடுக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் போனால், 150 ஏஎச் பேட்டரி ஒன்றுள்ள இன்வெர்ட்டர் ஐந்தாறு மணி நேரம் தாங்கும். சுவிட்சுகள் சிதறிக் கிடந்தால் ஒவ்வொன்றுக்கும் சின்ன யுபிஎஸ் தேவை.

அடுத்தது தூரம். சாதாரண நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரைதான். உங்கள் பஜார் 400 மீட்டர் நீளம் என்றால் நடுவில் இழுத்துக் கட்டிய கேபிள் விட்டு விட்டுத்தான் வேலை செய்யும். முதன்மைப் பாதைக்கு ஃபைபர் (ஒளியிழைக் கேபிள்) போடுங்கள். மின்னல் தாக்கினாலும் ஃபைபர் வழியாக மின்சாரம் பாய்ந்து எல்லாப் பெட்டியையும் எரிக்காது. தகரப் பெட்டிக்குள் வெயிலில் வைத்த சுவிட்ச் சித்திரையைத் தாண்டாது. காற்றோட்டத் துளையோடு நிழல் பக்கச் சுவரில் மாட்டுங்கள்.

பதிவு எத்தனை நாள் நிற்கும் என்பதையும் கணக்குப் பார்த்து வாங்க வேண்டும். 2 மெகாபிக்சல் கேமரா ஒன்று நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 21 ஜிபி. பதினாறுக்கும் நாளுக்கு 345 ஜிபி. 15 நாளுக்கு 5 டிபிக்குச் சற்று மேல், 30 நாளுக்கு 10 டிபிக்கு மேல். 2 டிபி டிஸ்க் போட்டுவிட்டு ஒரு மாதம் நிற்கும் என்று நம்பினால், புகார் வருவதற்குள் ஆறாம் நாளே பழைய பதிவு அழிந்துவிடும்.

முகம் தெரிய வேண்டிய இடத்தில் 20 அடி உயரத்தில் மாட்டினால் தலைப்பாகையும் தொப்பியும்தான் தெரியும். பஜார் நுழைவாயில்களில் 10, 11 அடி உயரம் போதும். 4 மி.மீ. லென்ஸில் ஆள் நாலைந்து மீட்டருக்குள் வந்தால்தான் முகம் அடையாளம் தெரியும், அதற்கு அப்பால் உருவம் மட்டுமே. வண்டி எண் வேண்டுமென்றால் அதற்கென்றே ஒரு கேமராவைத் தாழ்வாக நுழைவாயிலை நோக்கி ஒதுக்குங்கள்.

இருட்டில் படம் எடுக்கக் கேமரா வீசும் இரவுக் கதிருக்கு ஈசல் வரும், ஈசலுக்குச் சிலந்தி வரும். வலை படர்ந்தால் இரவுப் படம் முழுக்க வெள்ளையாக இருக்கும். மாதம் ஒரு முறை துணியால் துடைக்க ஒருவருக்குச் சம்பளம் ஒதுக்குங்கள். திருவிழா பேனரும் தேர்தல் பேனரும் கேமராவை மறைக்கின்றனவா என்று அந்த வாரங்களில் தினமும் பாருங்கள். தினமும் காலையில் ஒருவர் 16 படங்களும் வருகின்றனவா என்று பார்த்து நோட்டில் கையெழுத்திட்டால், கெட்டுப் போனது மறுநாளே தெரியும். பதிவைக் காவல் துறைக்குத் தரும்போது எழுத்துக் கடிதம் வாங்கி, எந்த நாள், எந்த நேரப் பதிவு என்று குறித்து வையுங்கள். உறுப்பினர்களின் சொந்தச் சண்டைக்கு யாருக்கும் காட்டாதீர்கள்.

கேள்வி: கடைகளுக்கு முன்னால் தள்ளுவண்டிக்காரர்கள் நிறைந்துவிட்டார்கள். அப்புறப்படுத்தச் சொல்லி ஆணையரிடம் மனுக் கொடுக்கலாமா?
(ஜவுளிக் கடைக்காரர்)

மனுக் கொடுப்பதற்கு முன்னால் சாலையோர வியாபாரிகள் சட்டம், 2014 என்ன சொல்கிறது என்று பாருங்கள். கணக்கெடுப்பு முடிந்து சான்று கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்த முடியாது. இடம் மாற்றுவதானாலும் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். இதையெல்லாம் முடிவு செய்ய நகராட்சி ஆணையர் தலைமையில் நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும். அதில் குறைந்தது 40 சதவீதம் சாலையோர வியாபாரிகளின் பிரதிநிதிகள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். வணிகர் சங்கத்துக்கும் இடம் உண்டு. அந்த இடத்தில் போய் உட்காருங்கள். அறுபதாயிரம் மக்கள் உள்ள ஊரில் 1,500 சாலையோர வியாபாரிகள் வரை இடம் தரச் சட்டம் சொல்கிறது. மக்கள் தொகையில் 2.5 சதவீதம் என்பது அதன் அளவுகோல்.

நேர்மையாகச் சொன்னால், நடைபாதையை முதலில் விழுங்குவது பல ஊர்களில் கடைகளின் படிக்கட்டும், தகரக் கூரையும், வெளியே தொங்கும் பொம்மைகளும்தான். சங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்பைப் பிடித்து அளக்கட்டும். நடப்பவர்களுக்கு 6 அடி தடையில்லாப் பாதை, நடுவில் தீயணைப்பு வண்டி நுழைய குறைந்தது 12 அடி. மஞ்சள் கோடு போட்டுக் கடைக்காரர்கள் முதலில் உள்ளே இழுத்துக்கொண்டால், வண்டிக்காரர்களிடம் நேரத்தையும் வரிசையையும் பேச வாய் வரும். பூக்காரம்மாவும் வாழைப்பழ வண்டியும் இல்லாத பஜாருக்கு ஜவுளி எடுக்கவும் கூட்டம் குறையும், அதையும் யோசியுங்கள்.

கேள்வி: தராசு முத்திரைக்கு ஒவ்வொரு கடையும் தனித்தனியாக அலைகிறது. சங்கம் ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவுக்குக் கடைப் பட்டியலோடு கடிதம் கொடுத்து, பஜாரிலேயே முத்திரை முகாம் கேளுங்கள். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை, எடைக்கற்களுக்கும் படிகளுக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. கட்டண ரசீதை அந்தந்தக் கடைப் பெயரிலேயே வாங்குங்கள், சங்கத்தின் பெயரில் மொத்தமாக வாங்க வேண்டாம்.

கேள்வி: வரும் உள்ளாட்சித் தேர்தலில் என் வார்டில் நிற்கச் சொல்கிறார்கள். நான் நகராட்சிக்கு மின்விளக்குச் சாமான் சப்ளை செய்கிறேன். சங்கப் பொறுப்பும் இருக்கிறது.
(எலக்ட்ரிகல் கடைக்காரர்)

சப்ளையையும் கவுன்சிலர் பதவியையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது. நகராட்சியோடு நடப்பில் இருக்கும் ஒப்பந்தத்தில் பங்கு உள்ளவர் தகுதி இழப்பார். மனைவி பெயருக்கோ தம்பி பெயருக்கோ பில்லை மாற்றுவது தீர்வு ஆகாது. பங்கு உங்களுடையதுதான் என்று நிரூபணமானால் பதவியும் போகும், பெயரும் போகும். ஆர்டர்களை முடித்து, பில் தொகை முழுவதும் வந்து, ஒப்பந்தம் முடிந்தது என்று எழுத்தில் வாங்கிய பிறகே மனுத் தாக்கலைப் பற்றி யோசியுங்கள். நகராட்சிக் கடையில் வாடகைக்கு இருந்தால் அதற்கும் வழக்கறிஞரிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள். சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை கட்டும் தொழில் வரி எதிலும் பாக்கி இருக்கக் கூடாது. ரசீதுகளைக் கட்டி ஒரு கோப்பில் வையுங்கள்.

வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதா என்பதையும் அறிவிக்கை வந்ததும் பாருங்கள். பாதி இடங்கள் பெண்களுக்கு. நகராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதால் 'சேர்மன் ஆகிவிடுவேன்' என்று பஜாரில் வாக்குக் கொடுக்காதீர்கள்.

சங்கப் பதவியை மனுத் தாக்கலுக்கு முன் விட்டுவிடுவதே எங்கள் கருத்து. சட்டத்துக்காக இல்லை, சங்கத்துக்காக. எதிர்த்து நிற்பவரும் உங்கள் சங்க உறுப்பினராக இருப்பார். விலகும்போது ரொக்கம், ரசீதுப் புத்தகம், வங்கிக் கையெழுத்து மூன்றையும் ஒரே நாளில் ஒப்படைத்து, நால்வர் கையெழுத்திட்ட தாளில் ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். படிவம் 7 போனதற்கான ஒப்புகைச் சீட்டையும் அதோடு சேர்த்துப் பின் குத்திவிடுங்கள்.