எடையே பிடித்துக்கொள்ளும் என்றால் போல்ட் எதற்கு?

கேள்வி: கோவைக்கு வெளியே 6,000 சதுர அடியில் எங்களுக்கு ஒரு குடோன் இருக்கிறது. பம்ப் காஸ்டிங், மோட்டார் எல்லாம் பேலட்டில் (ஃபோர்க்லிஃப்ட் தூக்கும் தட்டு) வைக்கிறோம். ஒரு பேலட் ஒரு டன் வரை வரும். காலி செய்த ஒரு கிடங்கிலிருந்து 5 மீட்டர் உயர பேலட் ரேக் 30 பே (இரண்டு ஃபிரேமுக்கு நடுவே பேலட் வைக்கும் பகுதி ஒரு பே) மலிவாக வருகிறது. எங்களுக்கு ஷெட் போட்டுத் தந்த ஃபேப்ரிகேட்டரே நாலு நாளில் நிறுத்தித் தருகிறேன் என்கிறார். இவ்வளவு எடை ஏறினால் ரேக் எங்கே நகரப்போகிறது, தரையோடு போல்ட் போடுவது தண்டச்செலவு என்பது அவர் பேச்சு. கீழ்ப் பீமை (பேலட் உட்காரும் குறுக்குச் சட்டம்) மட்டும் இரண்டரை மீட்டருக்குத் தூக்கிவிட்டு, அடியில் பெரிய பெட்டிகளை வைக்க நினைக்கிறோம். செய்யலாமா சார்?

பதில்: உங்கள் ஃபேப்ரிகேட்டர் நிறுத்தட்டும், ஆட்சேபம் இல்லை. போல்ட் கட்டாயம். கீழ்ப் பீமை மட்டும் கணக்குப் பார்க்காமல் தொடாதீர்கள். நீங்கள் கேட்டதில் எனக்கு உண்மையிலேயே பயம் தருவது அதுதான், ஏனென்றால் செய்த பிறகும் அது தப்பு மாதிரியே தெரியாது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் விற்பவரிடம் அந்த ரேக்கின் லோடு சார்ட்டைக் கேளுங்கள். ஒரு பீம் ஜோடிக்கு எவ்வளவு, பே ஒன்றுக்கு மொத்தம் எவ்வளவு, பீம்கள் எந்தெந்த உயரத்தில் இருந்தால் அந்தக் கணக்கு என்பது அதில் இருக்கும். சார்ட் இல்லையென்றால் தயாரித்த கம்பெனியின் பெயரையாவது கண்டுபிடித்து அவர்களிடம் எழுதி வாங்குங்கள். இரண்டும் முடியாது என்றால் அந்தச் சரக்குக்குப் பழைய இரும்பு விலைக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

அப்புறம் ஒரு மீட்டர் நீள நேரான பட்டையை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு அப்ரைட்டிலும் (நேராக நிற்கும் கால்) வைத்துப் பாருங்கள். பட்டைக்கும் தகட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி வரலாம் என்பதற்கு ஐரோப்பிய விதிமுறையில் (ஈஎன் 15635) வளைந்த திசையைப் பொறுத்து 3 மி.மீ., 5 மி.மீ. என்று இரண்டு அளவு உண்டு. வாங்கும்போது நான் எல்லாப் பக்கமும் 3 என்றே வைத்துக்கொள்வேன். அதைத் தாண்டியதை ஒதுக்கிவிடுங்கள். தட்டி நிமிர்த்துகிறேன், வெல்டு வைத்துப் பட்டி போடுகிறேன் என்று உங்கள் ஆள் சொல்வார். ஷெட் தூணுக்கு அது சரி. இது இரண்டு மி.மீ. சுமாரான தகட்டை மடித்துச் செய்தது; மடிப்பின் வடிவம்தான் அதன் பலம். பீம் முனைக் கொக்கிகளையும் பாருங்கள். அப்ரைட்டின் துளைகள் ஒரு கம்பெனியில் 50 மி.மீ. இடைவெளியில் இருக்கும், இன்னொன்றில் 75. இரண்டு கம்பெனிச் சரக்கைக் கலந்து தலையில் கட்டினால், சுத்தியலால் அடித்தால் உள்ளே போகும், உட்கார்ந்ததாக அர்த்தமில்லை.

இப்போது தரை. தரைக்கு மேல் மூன்று அடுக்கு, அடுக்குக்கு இரண்டு பேலட் என்றால் ஒரு பேயில் 6 டன் ரேக்கில் ஏறுகிறது. நடுவில் நிற்கும் ஒரு ஃபிரேம் (இரண்டு அப்ரைட்டைக் குறுக்குப் பட்டைகளால், அதாவது பிரேசிங்கால், இணைத்தது) இருபக்கத்துப் பேயிலும் பாதிப் பாதியைச் சுமக்கும்: மறுபடி 6 டன். அதற்குக் கால் இரண்டு, ஆக ஒரு காலில் 3 டன். காலடியில் இருக்கும் பேஸ் பிளேட்டோ உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரியது. பேவர் பிளாக், கடப்பா கல் போட்ட தரையில் இதை யோசிக்கவே வேண்டாம். 150 மி.மீ. கனத்தில் நல்ல டிரிமிக்ஸ் கான்கிரீட் (போட்டதும் அதிகத் தண்ணீரை உறிஞ்சி எடுத்து இறுக்கிய தளம்) என்றால் பேசலாம். ஒரு மூலையில் துளை போட்டுக் கனத்தை அளந்துவிடுங்கள். பில்லில் ஆறு அங்குலம் என்று இருப்பது தரையில் நாலாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் பக்கம் கரிசல் மண் வேறு. மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும். அதன்மேல் கிராவல் சரியாக இறுக்காமல் தளம் போட்டிருந்தால் ரேக் ஒரே வருஷத்தில் சாயும். தரையை ஒரு சிவில் இன்ஜினியர் பார்க்கட்டும்.

போல்ட்டுக்கு வருவோம். எடை கீழ்நோக்கி அழுத்துகிறது, உண்மை. ஃபோர்க்லிஃப்ட் இடிப்பது பக்கவாட்டில், அதுவும் அடிக்காலில். இரண்டரை டன் தூக்கும் வண்டியின் சொந்த எடையே மூன்றரை டன்னுக்கு மேல். போல்ட் இல்லாத கால் நாலு அங்குலம் உள்ளே தள்ளப்பட்டால், மேலே இருக்கும் அந்த 6 டன்னுக்குக் கீழே நேர்க்கால் இல்லை. பக்கத்துப் பே அதன் பீமோடு சேர்ந்து இழுபடும், அப்புறம் அடுத்தது. 2016 மே மாதம் இங்கிலாந்தின் ஷ்ரோப்ஷயரில் ஒரு கிடங்கில் ரேக்குகள் இப்படி வரிசையாகச் சரிந்து, டன் கணக்கான சீஸுக்கு அடியில் ஒரு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் பல மணி நேரம் சிக்கிக் கிடந்தார். உயிரோடு மீட்டார்கள், அதிர்ஷ்டம்.

போல்ட் போடுவதிலும் சூட்சுமம் இருக்கிறது. துளைத்ததும் உள்ளே இருக்கும் தூசியைப் பிரஷ் விட்டு, பம்ப் வைத்து ஊதி எடுக்க வேண்டும். தூசியோடு அடித்த ஆங்கர் போல்ட் பிடிக்காது. ஒரு குடோனில் சந்தேகப்பட்டு ஒரு நட்டை விரலால் திருகினேன். போல்ட்டும் சேர்ந்து சுற்றியது. துளை போடும்போது கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி தட்டியிருக்கிறது, போல்ட்டைப் பாதியாக வெட்டிச் சொருகி வைத்திருக்கிறார்கள். கம்பி தட்டினால் பிளேட்டின் வேறு துளைக்குப் போங்கள். தளத்தில் வெட்டிவிட்ட ஜாயின்ட்டின் மேல் கால் வரக்கூடாது. இறுக்குவதற்கு டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்). எவ்வளவு என்பது போல்ட் பெட்டியிலேயே இருக்கும்.

நிறுத்தும் முறை உங்கள் ஆளுக்குப் பழகியதுதான். நூல் அடித்து, மூலைக்கு மூலை குறுக்களவு பார்த்து, மட்டக்குழாய் பிடித்துத் தரையின் மேடு பள்ளத்தைக் குறித்துக்கொள்ளட்டும். பள்ளத்துக்கு இரும்பு ஷிம் (அடியில் வைக்கும் மெல்லிய தகடு), பேஸ் பிளேட் முழு அளவில், மரத்துண்டு கூடாது. முதல் பேயில் இரண்டு ஃபிரேமும் பீம்களும் மாட்டி, தூக்குக்குண்டு விட்டு, போல்ட் இறுக்கிய பிறகுதான் அடுத்த பே. தனி ஃபிரேமைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. சாய்வு உயரத்தில் 350-ல் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். 5 மீட்டருக்கு 14 மி.மீ. ஃபோர்க்கில் பேலட்டைச் சொருகி அதன்மேல் ஆளை ஏற்றுவது நம் ஊர் வழக்கம். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். சிஸர் லிஃப்ட் (ஆள் நின்று மேலே போகும் மேடை வண்டி) வாடகைக்குக் கிடைக்கிறது, இடுப்புப் பட்டையாக இல்லாமல் முழு உடல் பெல்ட்டும் போடட்டும்.

ஒவ்வொரு பீமின் இரு முனையிலும் சேஃப்டி லாக் வேண்டும். பேலட்டைத் தூக்கும்போது ஃபோர்க்கோ சரக்கோ மேல் பீமில் அடியிலிருந்து தட்டினால் கொக்கி கழன்றுவிடாமல் காப்பது அந்தச் சின்னப் பின்தான். ஏறக்குறைய அரை டன் மேல்நோக்கிய தள்ளலைத் தாங்க வேண்டும் என்பது ஐரோப்பிய வடிவமைப்பு விதி. பழைய ரேக்கில் பாதி பின் காணாமல் போயிருக்கும், கட்டுக்கம்பியால் கட்டித் தருவார்கள். அதே மாடல் பின்னையே வாங்குங்கள்.

கீழ்ப் பீம் விஷயம். பிளாஸ்டிக் ஸ்கேலை நிமிர்த்தி வைத்து மேலிருந்து அழுத்துங்கள், நடுவில் வளையும். நடுவில் விரலால் பிடித்துக்கொண்டு அழுத்துங்கள், அவ்வளவு எளிதில் வளையாது. அப்ரைட்டுக்கு அந்த விரல்தான் பீம். தரையிலிருந்து முதல் பீம் வரை அதை யாரும் பிடிப்பதில்லை. ஒன்றரை மீட்டரில் இருந்ததை இரண்டரைக்குத் தூக்கினால், அதே இரும்பு தாங்கும் எடை நிறையவே இறங்கும். எவ்வளவு என்பது தகடு, பிரேசிங், பீம் இணைப்பைப் பொறுத்தது. தயாரித்தவர்தான் கணக்குப் போட்டுத் தர முடியும். அதுவரை பெரிய பெட்டிகளுக்கு ரேக்கே வேண்டாம், சுவரோரம் தரையில் வையுங்கள்.

வண்டி திரும்பும் முனைக் கால்களுக்குக் குறைந்தது 400 மி.மீ. உயரக் காலம் கார்டு (வண்டி இடிக்காமல் காலைக் காக்கும் இரும்புத் தடுப்பு) போடுங்கள். அதை அப்ரைட்டில் முட்டாமல் தனியாகத் தரையில் போல்ட் செய்ய வேண்டும். முதல் வாரம் கனமானதைக் கீழே, இலேசானதை மேலே ஏற்றி, ஒரு பீம் முழு எடையில் எவ்வளவு தொய்கிறது என்று நூல் பிடித்துப் பாருங்கள். நீளத்தில் 200-ல் ஒரு பங்கு வரை சரி, 2.3 மீட்டர் பீமுக்கு 11 மி.மீ. சொச்சம். எடையை இறக்கிய பிறகும் தொய்வு அப்படியே நின்றால் அந்தப் பீமைக் கழற்றிவிடுங்கள்.