பீட் நிலத்தில் நீர்மட்டம் எங்கே நிற்க வேண்டும்?

கேள்வி: பீட் மண்ணை (நீர் தேங்கிய நிலத்தில் முழுதும் மட்காத தாவரங்கள் படிந்து உருவான மண்) வெட்டியெடுத்துக் கைவிட்ட நிலங்களை மீட்க, வடிகால் வாய்க்கால்களை அடைத்து நீரைத் தேக்கினால் போதும் என்று படித்தேன். அப்படியானால் முழு நிலத்தையும் நீரில் மூழ்கடித்துவிடலாமே? நீர்மட்டத்தை ஏன் விடாமல் அளக்கிறார்கள்?

பதில்: வாய்க்காலை அடைப்பதுதான் முதல் வேலை என்பதில் ஐயமில்லை. ஆனால், பீட் நிலத்துக்கு வேண்டியது மிகுதியான நீர் அல்ல. மேற்பரப்பை ஒட்டி, அதிகம் ஏறாமலும் இறங்காமலும் நிற்கும் நீர்.

இயல்பான பீட் நிலத்தின் மேலடுக்கு, உயிருள்ள ஸ்பாக்னம் பாசியாலும் முழுதும் மட்காத தளர்ந்த நாராலும் ஆனது. அது மழைநீரைப் பஞ்சுபோல வாங்கி வைத்துக்கொள்கிறது. வெட்டியெடுக்கும்போது முதலில் பறிபோவது இந்த அடுக்குதான். எஞ்சுவது, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அடியில் அழுந்தி மட்கிய, துளைகள் சிறுத்த பீட். அதில் நீர் கொள்ளும் இடம் குறைவு என்பதால், மழையில்லாத சில நாட்களிலேயே நீர்மட்டம் மளமளவென்று இறங்கிவிடுகிறது. ஸ்பாக்னத்துக்கோ வேர் கிடையாது. அடியிலிருந்து நுண்துளைகள் வழியே ஏறிவரும் ஈரத்தை நம்பியே அது பிழைக்கிறது. நீர்மட்டம் இறங்க இறங்கப் பீட் அந்த ஈரத்தை இறுகப் பிடித்துக்கொள்வதால், ஈரமான மண்ணின் மேலேயே பாசி காய்ந்துபோகிறது. மேற்பரப்பிலிருந்து சுமார் 40 சென்டிமீட்டருக்குக் கீழே மட்டம் போகக் கூடாது என்பது கனடாவின் கியூபெக் பகுதி ஆய்வுகளிலிருந்து கிடைத்த அளவுகோல்.

மூழ்கடித்தாலும் கேடுதான். நிலத்தை மீட்கத் தூவிய பாசித் துண்டுகள் மிதந்து ஒதுங்குகின்றன, அலை கரையை அரிக்கிறது, மீத்தேன் வெளியேற்றமும் கூடுகிறது. மட்டம் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே நின்றால், காற்றுப்படும் மேலடுக்கில் வாழும் நுண்ணுயிரிகள் மீத்தேனில் ஒரு பகுதியைச் சிதைத்துவிடும்.

பீட் எடுத்த வயல்கள் நீர் வடிவதற்காகச் சரிவாக அமைக்கப்பட்டவை. வாய்க்காலை மட்டும் அடைத்தால் ஒரு முனை காயும், மறுமுனை மூழ்கும். ஆகவே நிலத்தைச் சமன்செய்து, சரிவுக்குக் குறுக்கே பீட்டாலேயே தாழ்வான வரப்புகள் போட்டு, வாய்க்காலை ஈரமான, நன்கு மட்கிய பீட்டால் இறுக்கி அடைப்பார்கள். காய்ந்த பீட் வெடித்துக் கசியும். கியூபெக்கின் புவா-தே-பெல் நிலத்தில் 1999-இல் செய்ததுபோலப் பாசியைப் பரப்பி, அதன்மேல் வைக்கோல் மூடாக்கும் இடுவது ஆவியாதலைக் குறைக்கும். எக்டேருக்கு ஏறத்தாழ 3 டன் வைக்கோல் பிடிக்கும்.

அளப்பதற்குத் துளையிட்ட குழாய்களை வாய்க்காலோரத்திலும் வயல் நடுவிலும் இறக்குகிறார்கள். நீரேறினால் பீட் உப்பும், காய்ந்தால் சுருங்கும். எனவே குழாயை அடியிலுள்ள கனிம மண்ணில் ஊன்றாவிட்டால் அளவே பிழையாகும். ஆண்டுச் சராசரியைவிட, கோடையின் மிகத் தாழ்ந்த மட்டமே என் பார்வையில் முக்கியம், ஏனெனில் பாசி மடிவது அந்தச் சில வாரங்களில்தான்.

எஞ்சிய பீட் மெல்லியதாகவும் அடிமண் மணலாகவும் இருந்தால், எத்தனை வரப்பு போட்டாலும் நீர் கீழே கசிந்துவிடும். அங்கே ஸ்பாக்னத்தை வற்புறுத்துவதைவிட, நிலத்தடி நீரை ஏற்று வளரும் கோரைகளைக் கொண்டுவருவதே பொருத்தம்.