வாசகர் கேள்வி – பதில்: இலக்கைத் தொட்டதும் தையல் லைன் ஏன் நின்றுவிடுகிறது?

கேள்வி: பனியன் கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருக்கிறேன். இலக்குக்கு மேல் தைக்கும் ஒவ்வொரு பீஸுக்கும் மாதக் கடைசியில் ஊக்கத்தொகை தருகிறோம். முதல் மாதம் உற்பத்தி ஏறியது. இப்போது வேகமான ஓவர்லாக் டெய்லர்கூட மற்றவர்கள் நிறுத்தும் எண்ணிலேயே நிறுத்திவிடுகிறார். தொகையைக் கூட்டட்டுமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: கூட்டுவதற்கு முன் யோசித்துப் பாருங்கள். முதல் மாத உற்பத்தியைப் பார்த்துவிட்டு இலக்கை ஏற்றினீர்களா? ஏற்றியிருந்தால் பெரும்பாலும் காரணம் அதுதான். ஒரே ஒரு முறை ஏற்றியிருந்தாலும் லைன் அதை மறக்காது.

சிகாகோவை ஒட்டிய ஹாதோர்ன் ஆலையில் 1931 நவம்பர் முதல் 1932 மே வரை, தொலைபேசிக் கருவிகளுக்கு ஒயர் கட்டும் பிரிவைச் சேர்ந்த 14 பேரைத் தனி அறையில் வைத்துக் கவனித்தார்கள். குழுவின் உற்பத்தி கூடினால் கூலியும் கூடும். அப்படியிருந்தும் அவர்கள் தங்களுக்குள் ஒரு நாள் கணக்கு வைத்துக்கொண்டு அதோடு நிறுத்தினார்கள். மீறியவருக்குக் கேலி, மேற்கையில் ஒரு குத்து. அதிகம் செய்து காட்டினால் ரேட்டைக் குறைப்பார்கள், ஆளைக் குறைப்பார்கள் என்ற பயமே இதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது.

ஒருவர் ஏன் முயல்கிறார் என்பதை 1964-ல் உளவியலாளர் விக்டர் வ்ரூம் மூன்று கேள்விகளாக்கினார். முயன்றால் என்னால் முடியுமா? முடித்தால் சொன்னது கிடைக்குமா? கிடைப்பது எனக்கு வேண்டியதா? மூன்றையும் பெருக்க வேண்டும். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். தொகையைக் கூட்டுவது மூன்றாவதை மட்டுமே தொடும். உங்கள் லைனில் உடைந்திருப்பது இரண்டாவது. முதலாவதும் உடைந்திருக்கலாம்.

ஸ்டைலோ மெஷினோ மாறினால் மட்டுமே இலக்கு மாறும் என்று எழுதி, ரேட்டோடு சேர்த்து லைனிலேயே ஒட்டுங்கள். பணத்தை வாரக் கூலியோடு கொடுங்கள். மாதக் கடைசியில் வருகிற தொகை எந்த நாள் உழைப்புக்கு என்று யாருக்கும் நினைவிருக்காது. பண்டல் (வெட்டிய துணிக் கட்டு) வராமல், நூல் வராமல், மெஷின் நின்று போன நேரத்தை இலக்கிலிருந்து கழியுங்கள். ஒரு ஆபரேஷனுக்கு (ஒரு பீஸில் ஒரு தையல் வேலைக்கு) 0.6 நிமிடம் என்றால் 480 நிமிட ஷிப்டில், 65% திறனில் இலக்கு 520. ஒரு மணி நேரம் பண்டல் வரவில்லையா, அன்றைய இலக்கு 455. இதைக் கழிக்காத கம்பெனியில், மதியத்துக்கு மேல் “இனி எட்டாது” என்று டெய்லர் கையை விட்டுவிடுவார். செக்கிங்கில் திரும்பி வரும் பீஸைச் சரிசெய்த பிறகே கணக்கில் சேருங்கள்; இல்லையென்றால் வேகம் ஏறி, ஆல்டரும் (திருத்த வேண்டிய பீஸும்) ஏறும்.

கேள்வி: அலுவலகத்துக்கு ஏசி போட்டோம், கேன்டீனை மாற்றினோம். புகார் நின்றது, ஆனால் ஆர்வம் வரவில்லையே?
– வாசகர், கோவை

பதில்: பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் விசாரித்த உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க், 1959-ல் சொன்னது இதுதான்: சம்பளம், வசதி, மேற்பார்வை இவை கெட்டால் அதிருப்தி வரும், சரியானால் அதிருப்தி போகும், அவ்வளவே. ஆர்வம் வேலைக்குள்ளிருந்து வர வேண்டும். பில் மட்டும் பதிவு செய்பவரிடம் பத்து சப்ளையர்களின் கணக்கை முழுதாக ஒப்படையுங்கள்: பில் சரிபார்ப்பது, தகராறைப் பேசி முடிப்பது, பணம் அனுப்புவது வரை. ஒரு தொகை வரை மேலாளர் கையெழுத்து வேண்டாம் என்றும் வையுங்கள். அதே பதிவு வேலையை இன்னும் நூறு பில் கூட்டிக் கொடுத்துவிட்டு “பொறுப்பு தந்தோம்” என்பது பரவலாக நடக்கும் தவறு. ஒரு எச்சரிக்கை: நல்லது நடந்தால் தன்னால், கெட்டது நடந்தால் நிர்வாகத்தால் என்று சொல்வது மனித இயல்பு. ஆட்கள் சொன்னதை வைத்தே முடிவு செய்த ஹெர்ஸ்பெர்க்கின் ஆய்வு முறை மீது அந்த விமர்சனம் இன்றும் நிற்கிறது. சம்பளம் குறைவாக உள்ள இடத்தில் இந்தக் கோட்பாட்டைக் காட்டி உயர்வை மறுக்காதீர்கள்.

கேள்வி: மனிதத் தேவைகளைத் தட்டுகளாக அடுக்கும், உளவியலாளர் மாஸ்லோவின் பிரமிடுபடி, கீழ்த்தட்டு முழுதாக நிறைந்த பிறகுதான் மரியாதை, அங்கீகாரமெல்லாமா?
– வாசகி, மதுரை

பதில்: இல்லை. இந்தக் கோட்பாட்டை அவர் சொன்ன 1943 கட்டுரையில் பிரமிடு கிடையாது. சராசரி மனிதருக்கு உடல் தேவை 85%, பாதுகாப்பு 70%, அன்பு 50%, சுயமரியாதை 40% நிறைந்திருக்கலாம் என்று, விளக்கத்துக்காக மாஸ்லோவே எண்களைப் போட்டுக் காட்டினார். எல்லாம் ஒரே சமயத்தில் பாதி பாதியாக ஓடுபவை. குறைந்த சம்பளக்காரரையும் முதல் நாளிலிருந்தே பெயர் சொல்லி, மரியாதையாகக் கூப்பிடுங்கள்.