பல மென்பொருள் டீம்கள் ஒரே கான்ஃபிக்கை, அதாவது நிரல்கள் படிக்கும் அமைப்பு மதிப்புகளை, பகிர்ந்தால் அதை மாற்றும் உரிமை யாரிடம் இருக்க வேண்டும்?

ஒவ்வொரு கீக்கும் (கான்ஃபிக்கில் ஒரு மதிப்பின் பெயர்) ஒரு டீம் பொறுப்பு. கமிட்டி மட்டும் போட்டுவிடாதீர்கள்.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் எல்லா சர்வீஸும் கான்ஃபிக்கை யாமல் வடிவக் கோப்பில் சேமித்து வைத்த ஒரே ரெப்போவைப் படித்துக்கொண்டிருந்தன. ஒருநாள் ஒருவர் பேமென்ட் டைம்அவுட்டை, அதாவது பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தை, 30 நொடியிலிருந்து 5 ஆகக் குறைத்தார். அவர் டீமுக்கு அது சரிதான். ராத்திரி செட்டில்மென்ட் ஓட்டும் டீமும் அதே கீயைத்தான் படிக்கிறது என்பது அவருக்குத் தெரியாது, ரிவ்யூ செய்த எனக்கும் தெரியாது. விடிய விடிய உட்கார்ந்தோம்.

உடனே மேலிடத்திலிருந்து ஒரு கமிட்டி வந்தது. வாரம் ஒருமுறை கூடும், அதுவரை எந்த மாற்றமும் நகராது. வரிசையில் நிற்கப் பிடிக்காமல் டீம்கள் தங்களுக்கு வேண்டிய மதிப்புகளை நிரலுக்குள்ளேயே எழுதிக்கொண்டன. ரெப்போவில் சண்டை ஓய்ந்தது, ஏனென்றால் அதை யாரும் படிக்கவே இல்லை!

பிறகு அந்த கான்ஃபிக் கோப்பை டீம்வாரியாகப் பிரித்தோம். மாற்றத்துக்கு யார் ஒப்புதல் தர வேண்டும் என்று சொல்லும் கோட்ஓனர்ஸ் கோப்பில் டீம் பெயரைப் போட்டோம்; ஆள் பெயர் போட்டால் அவர் ராஜினாமா செய்த மறுநாளே அந்தக் கீ அநாதை. யார் எந்தக் கீயைப் படிக்கிறார்கள் என்பதை சர்வீஸ் கிளம்பும்போதே அது தானாகப் பதிவு செய்யும்படி வைத்தோம். கையால் எழுதச் சொல்லிப் பார்த்தோம், ஒருவரும் எழுதவில்லை. இப்போது மாற்றம் கேட்டால் அந்தப் பட்டியலில் உள்ள டீம்களுக்கு மட்டும் தகவல் போகும். ஒப்புதல் தருவது உரிமையுள்ள டீம் மட்டுமே. ஒப்புதல் கிடைத்தாலும் முதலில் ஒரே ஒரு சர்வருக்குத்தான் போகும்.

பலரும் கோட்டை விடுவது பழைய கீக்களை நீக்குவதில்தான். அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேப்பிட்டலின் கதை தெரியுமா? 2003-லேயே கைவிட்ட 'பவர் பெக்' என்ற வசதியை நிரலிலிருந்து அவர்கள் எடுக்கவில்லை. அதை இயக்கிய ஃப்ளாகையே (ஆன்-ஆஃப் சுவிட்ச் போன்ற குறி) புதிய வசதிக்கும் மறுபடி பயன்படுத்தினார்கள். எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரல் ஏறவில்லை. 2012 ஆகஸ்ட் 1 அன்று சந்தை திறந்ததும் அந்த ஒரு சர்வரில் பவர் பெக் உயிர்பெற்று ஆர்டர்களை அள்ளி வீசியது. சுமார் 45 நிமிடம், 46 கோடி டாலருக்கும் மேல் நட்டம்.

அதனால் எங்களிடம் ஒரு கீயின் பெயரை இரண்டாம் முறை பயன்படுத்த முடியாது, பில்டே (நிரலைத் தயாரிக்கும் படி) உடைந்துவிடும். 90 நாள் எவரும் படிக்காத கீக்கு உரிமையுள்ள டீமின் பெயரில் அதை நீக்கச் சொல்லும் டிக்கெட் தானாக விழும். திட்டு விழாத வாரமே இல்லை, ஆனால் டிக்கெட்டை நிறுத்துவதாக இல்லை.