அவள் வந்தபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்

கேள்வி: வியாபாரம் நொடித்து, வீட்டையும் விற்றுவிட்டேன். அகந்தையோடு திரிந்த என்னைக் கர்த்தர் தாழ்த்திவிட்டார். தினமும், தாவீது பாவமன்னிப்புக் கேட்டுப் பாடிய 51ஆம் சங்கீதம் வாசித்து அழுகிறேன். ஆனாலும் சமாதானம் இல்லை. அப்பாவின் நிலம் மட்டும் மிச்சம். அதில் தங்கை பங்கு கேட்டு ஒருநாள் அழுதுகொண்டு வந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், பிறகு பேசலாம் என்று அனுப்பிவிட்டேன். அது பழைய கதை. இந்தத் துன்பத்தில் கர்த்தர் எனக்கு என்ன கற்றுத்தருகிறார்?

பதில்: பழைய கதை என்றால், சாப்பிட்டுக்கொண்டிருந்தது மட்டும் எப்படி ஐயா நினைவில் நிற்கிறது?

ஆதியாகமம் 37-ஐ எடுங்கள். 17 வயது யோசேப்பைத் தண்ணீரில்லாத குழியில் தள்ளிவிட்டு, அண்ணன்மார் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பிறகு 20 வெள்ளிக்காசுக்கு விற்கிறார்கள். அவன் கெஞ்சினானா, கதறினானா? அந்த அதிகாரத்தில் ஒரு சொல் கிடையாது. 20 ஆண்டுகளுக்கு மேல் கழித்து, பஞ்சத்தில் தானியம் வாங்க எகிப்துக்குப் போய், அங்கே அதிபதியாகிவிட்ட யோசேப்பை அடையாளம் தெரியாமல் அவன் முன் நின்று, வேவுகாரர் என்று 3 நாள் காவலில் கிடந்த பிறகுதான் அவர்கள் வாயிலிருந்தே வருகிறது: தம்பி கெஞ்சினான், பார்த்துக்கொண்டே செவிகொடுக்காமல் போனோம் என்று. அத்தனை வருடமும் அந்தக் குரல் அவர்கள் காதிலேயே இருந்திருக்கிறது.

அந்த வருத்தத்தோடு கதை முடிந்துவிடவில்லை. விற்றுவிடலாம் என்று யோசனை சொன்ன அதே யூதா, 44ஆம் அதிகாரத்தில், திருட்டுப் பழியில் பிடிபட்ட தம்பி பென்யமீனை விட்டுவிடுங்கள், அவனுக்குப் பதில் நான் அடிமையாக இருக்கிறேன் என்று முன்னே வந்து நிற்கிறான். அதைக் கேட்ட பிறகே யோசேப்பு தன்னை வெளிப்படுத்துகிறான். எபிரெய வேதம் இதற்கு வழங்கும் சொல் ‘ஷூவ்’, திரும்பு என்று பொருள். நம் தமிழ் வேதாகமமும் மனந்திரும்புதல் என்றுதானே சொல்கிறது? நீங்கள் நன்றாக அழுகிறீர்கள். இன்னும் திரும்பவில்லை.

நஷ்டப்பட்டவர் எல்லாரும் தாழ்மையுள்ளவர் ஆகிவிட மாட்டார்கள். அப்பா போன வீட்டில் அண்ணன்தான் தங்கைக்குப் பிறந்த வீடு. அவள் பங்கை மடியில் வைத்துக்கொண்டு சங்கீதம் வாசிப்பதை நான் ஜெபம் என்று ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

எண்ணாகமம் 5:7 தெளிவாகவே இருக்கிறது: செய்ததை அறிக்கையிடு, முதலைத் திருப்பிக் கொடு, அதோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடு. கையில் காசில்லை என்பீர்கள். நிலம் இருக்கிறதே!

இந்த வாரமே போங்கள். மனைவியை முன்னால் அனுப்பிச் சமாதானம் பேச வேண்டாம். பத்திரத்தை நீங்களே எடுத்துக்கொண்டு செல்லுங்கள். அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் முடிக்கும்வரை வாசலில் நில்லுங்கள்.